நான்கால் வகுபடும் ஊர்

கெம்பசந்திரம்
மாசி 6 (18 பிப்ரவரி 2027)

கெம்பசந்திரத்து உழைக்கும் மக்களே, ஆலையில் முதல் பணிமுறை முடித்துக் களைத்து நிற்பவர்களே, இரவுப் பணிமுறைக்காகப் பகலில் உறங்கி எழுந்து வந்தவர்களே,

இக்கடிதத்தை நீர்த்தொட்டி மேடையில் நின்று உங்கள் செவிகளில் படித்த பின்பே உரியவருக்கு அனுப்புகிறேன். உரியவர் ஓசூரில் இருக்கும் மாதேஷ். அரசுப் பள்ளியில் கணக்காசிரியர். இப்போது நம் ஊரின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு மேற்பார்வையாளர். அவர் என் உடன்பிறந்த அண்ணன் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். அந்த உறவு இங்கே பேசப்படப் போவதில்லை.

மேற்பார்வையாளர் அவர்களே,

எங்கள் குறை இது: நாங்கள் இவ்வூரில் வாழ்கிறோம், உங்கள் கணக்கில் வாழவில்லை.

2011இல் எண்ணியபோது இவ்வூரில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். அன்று இங்கே கேழ்வரகும் ரோசாத் தோட்டமும்தான். இன்று நான்கு புறமும் ஆலைகள். இவ்வூர் பிறப்பால் வளரவில்லை, பேருந்தால் வளர்ந்தது. நம் பெண்கள் ஒன்றோ இரண்டோ பெற்று நிறுத்திவிட்டார்கள். ஆனால் தளியிலிருந்தும் வேப்பனப்பள்ளியிலிருந்தும், தருமபுரியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும் ஒற்றைப் பையோடு இறங்கியவர்கள், முனிவேல் கட்டி வாடகைக்கு விட்ட வரிசை வீடுகளை நிரப்பினார்கள். அந்த வரிசைகளில் மட்டும் நானூற்று எழுபத்தெட்டு அறைகள்.

ஐயாயிரம் பேர் இருந்தால் ஓர் ஊருக்குத் துணை நலவாழ்வு நிலையமும் செவிலியரும் உண்டு. நாங்கள் மூன்றுமுறை மனுக் கொடுத்தோம். மூன்றுமுறையும் பழைய அறுநூற்றுப் பன்னிரண்டைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். கடந்த தை மாதம் வரிசை வீட்டு ராஜாத்திக்கு நண்பகலில் பேறுகால வலி கண்டது. ஓசூர் மருத்துவமனைக்குப் புறப்பட்ட ஆட்டோ, சரக்குந்துகளுக்கு நடுவே நெடுஞ்சாலையில் ஒன்றேகால் மணி நேரம் நின்றது. பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. அடுத்த ராஜாத்திக்கு இவ்வூரிலேயே ஒரு செவிலியர் இருப்பார் என்று அவளுக்கு நான் சொல் கொடுத்திருக்கிறேன்.

நேற்று முனிவேல் தேநீர்க் கடையில் என்னிடம் சொன்னார்: “வாத்தியாருங்க வேலை முடிஞ்சிதும்மா. லைன்ல மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னண்டு. இனி ஒருத்தனும் கதவத் தட்ட மாட்டான். நிம்மதியாத் தூங்குங்க.”

நலமன்றத் தோழர்கள் மூன்று பணிமுறையினரையும் சந்தித்து எழுதிய எண்ணிக்கை நாலாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. பழைய ஊரின் அறுநூற்று எண்பத்தெட்டுப் பேரைச் சேர்த்தால் ஐயாயிரத்து எழுபத்தொன்பது. நீங்கள் விழுங்கிய மக்களைத் திருப்பித் தாருங்கள்.

சம்பங்கி
செயலாளர், குடியிருப்போர் நலமன்றம்

—

ஓசூர்
20.02.2027

சம்பங்கிக்கு,

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு நீ எனக்கு எழுதிய முதல் கடிதத்தை எனக்கு முன்பே இருநூறு பேர் கேட்டுவிட்டார்கள். கொண்டுவந்த சென்னம்மா டீச்சர் அதை என் கையில் தரக் கூசினார். அவர் உங்கள் ஊர்ப் பள்ளியில் வேலை பார்ப்பவர். என் கீழ் உள்ள ஆறு கணக்கெடுப்பாளர்களில் ஒருவர். நமக்கிடையே கடிதம் சுமக்கும் வேலை அவருக்கு வேண்டாத சுமை.

ஆசிரியர் போராட்டத்தின்போது கிருஷ்ணகிரிப் பழைய பேருந்து நிலையத்தில், என் மாணவர்கள் கேட்டுக்கொண்டிருக்க, என்னை ஒலிபெருக்கியில் பெயர் சொல்லித் தலையாட்டி என்றாய். வேலைநிறுத்தத்தில் சேராதது என் முடிவு. அதற்கு நீ தந்த பரிசு அது. இப்போது மக்களை விழுங்கியவன் என்கிறாய். உன் அடுக்குமொழி வளர்ந்திருக்கிறது, அளவறிவு வளரவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். எந்த எண்ணையும் நான் உனக்கு உறுதிப்படுத்தவோ மறுக்கவோ முடியாது. கணக்கெடுப்பில் சேர்ந்தவை கமுக்கம், சட்டம் அப்படி. முனிவேல் எதையாவது உளறினால் அதை அவரிடமே கேள்.

ஆனால் இதைச் சொல்லலாம். உன் நாலாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்றில் எத்தனை பேரின் பெயரை அவர்களுடைய சொந்த ஊரில் பெற்றோர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்? திருநெல்வேலிக்காரன் ஒருவனை அங்கேயும் எழுதி இங்கேயும் எழுதினால் நாட்டில் ஒரு பொய் மனிதன் பிறக்கிறான். உன் ஐயாயிரத்துக்கு மேல் மிஞ்சுவது எழுபத்தொன்பது பேர். எண்பது பேர் இரட்டைப் பதிவு என்றால் உன் நிலையம் காற்றோடு போயிற்று. செவிலியர் வர வேண்டும் என்று எண்ணிக்கையை வளைப்பவள், செவிலியர் வரக் கூடாது என்று வளைப்பவனைவிட எந்த வகையில் மேல்?

இன்னொன்று. ராஜாத்தியின் துயரத்தை மேடையில் ஏற்றாதே. அது அவளுடையது, உன் குரலுக்கு ஏற்ற இறக்கம் தருவதற்கு அன்று.

துணிவிருந்தால் இதையும் உரக்கப் படி.

மாதேஷ்

—

கெம்பசந்திரம்
மாசி 10 (22 பிப்ரவரி 2027)

மேற்பார்வையாளர் அவர்களே,

படித்தேன். ஒரு சொல் விடாமல் படித்தேன். தலையாட்டி என்ற இடத்தில் சிரித்தார்கள். ராஜாத்தியைப் பற்றிய இடத்தில் சிரிக்கவில்லை. அவள் முன்வரிசையில் நின்றிருந்தாள். படிக்கச் சொன்னவளும் அவளே.

எனக்கு அளவறிவு இல்லை என்கிறீர்கள். நம் அப்பா நாகரசம்பட்டித் தோப்பில் மாங்காயை எண்ணிக் கூடையில் இடும்போது பக்கத்தில் நின்று வகுத்துச் சொன்னவள் நான். நீங்கள் அன்று காய்ச்சலில் படுத்திருந்தீர்கள். அந்த வகுத்தலை நேற்றுச் செய்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டை நானூற்று எழுபத்தெட்டால் வகுத்தேன். நான்கு. மீதி இல்லை.

கணக்காசிரியரே, எந்த ஊரில் மனிதர்கள் அறைக்கு நால்வராக, ஒருவர் கூடாமல் ஒருவர் குறையாமல் வாழ்கிறார்கள்? உங்கள் ஆறு பேரும் மனிதரை எண்ணவில்லை. முனிவேலின் குடியிருப்புப் பதிவேட்டைப் பார்த்து எழுதினார்கள். கட்டட அனுமதி அறைக்கு நால்வருக்குத்தான். அதனால் பதிவேட்டில் எப்போதும் நான்கு பெயர்கள் மட்டுமே இருக்கும். அறையில் இருப்பது நான்கு கட்டில். ஒரு கட்டிலில் மூவர். ஒருவர் எழுந்து ஆலைக்குப் போக, ஒருவர் ஆலையிலிருந்து வந்து அதே தலையணையில் படுக்கிறார். அது குளிர நேரமில்லை.

மூன்றாம் வரிசையில் பதினேழாம் அறைக்குப் போனேன். உள்ளே நால்வர் உறங்கினார்கள். வாசலில் நால்வர் குளித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நால்வர் ஆலையில். திருநெல்வேலியிலிருந்து வந்த சுடலைமுத்து அந்த அறைக்காரர். உங்கள் இரட்டைப் பதிவை அவரிடம் சொன்னேன். உடனே தந்தையைத் தொலைபேசியில் அழைத்து, எல்லாரும் கேட்கும்படி வைத்தார். தந்தை சொன்னார்: “உன் பேரச் சொன்னேம்ல. அந்த டீச்சர் அடிச்சுட்டா. ஒம்மவன் வருசம் முழுக்க ஓசூர்லதான கெடக்கான், அங்க எழுதிருவாங்கன்னுட்டா.”

சுடலைமுத்து என்னைப் பார்த்துக் கேட்டார்: “அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. அப்ப நான் செத்துட்டனாக்கா?”

அந்தத் திருநெல்வேலி ஆசிரியை விதியைப் படித்திருக்கிறார். கணக்கெடுப்பு நாள்கள் முழுதும் வீட்டில் இல்லாதவரை அங்கே எழுதக் கூடாது. இருக்கும் இடத்தில் எழுத வேண்டும். உங்கள் கையேட்டிலேயே உள்ள விதி. நீங்கள் அதை எனக்கு எதிராக வீச எடுத்தீர்கள், படிக்க எடுக்கவில்லை.

ராஜாத்தியின் அறையையும் சொல்கிறேன். அங்கே அவளும் கணவரும் இருவர். உங்கள் கணக்கில் நால்வர். பதிவேட்டில் முன்பு குடியிருந்தவர்களின் பெயர்கள் இன்னும் கிடக்கின்றன. அந்த வீட்டில் பிறக்காமல் போன பிள்ளையைச் சேர்த்தாலும் உங்கள் எண் வராது.

முனிவேல் வீட்டு விருந்து சுவையாக இருந்ததா?

சம்பங்கி

—

ஓசூர்
24.02.2027

சம்பங்கிக்கு,

இரண்டு தாள்கள் எழுதுகிறேன். இரண்டையும் படி.

முதல் தாள் என் பிழை. உன் வகுத்தலை நானும் செய்தேன். எனக்கும் மீதி வரவில்லை. அதை முதலில் பார்த்திருக்க வேண்டியவன் நான். ஆறு பேரின் எண்களைக் கூட்டிச் சரிபார்த்தேன். ஒருமுறைகூட வகுத்துப் பார்க்கவில்லை. பதிவேட்டைப் பார்த்து எழுதலாம் என்று அவர்களுக்குச் சொன்னவனும் நான்தான். ஆறு பேரில் யார்மீதும் பழி இல்லை. முனிவேல் வீட்டில் நான் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. விருந்து என்ற சொல்லை நீ எங்கே படித்தாயோ அங்கேயே திரும்பப் பெற வேண்டும்.

இரண்டாம் தாள் உன் பிழை.

கடந்த ஆகஸ்டில் வீடுகளைப் பட்டியலிட வந்தோம். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அதே நீர்த்தொட்டி மேடையில் நீ பேசியதை யாரோ படம்பிடித்தார்கள். என் தொலைபேசிக்கும் வந்தது. உன் சொற்களையே எழுதுகிறேன்: “செவிலியரைத் தராத அரசுக்கு நம் பெயரைத் தர மாட்டோம். கதவைப் பூட்டுங்கள். உள்ளே இருந்தே பூட்டுங்கள். தட்டித் தட்டி அவர்கள் விரல் நோகட்டும்.” கைதட்டல் அடங்க அரை நிமிடம் ஆயிற்று.

அவர்கள் உன் சொல்லைக் கேட்டார்கள். நானூற்று எழுபத்தெட்டில் முந்நூற்றுப் பதினொன்று பூட்டிய வீடு என்று பதிவாயிற்று. பூட்டிய வீட்டில் ஆள் இல்லை என்றுதான் மேலே கொள்வார்கள். அதை வைத்துத்தான் இந்த மாதத்துக்கு ஆள் ஒதுக்கினார்கள். பதின்மூன்று கணக்கெடுப்பாளர்கள் வேண்டிய இடத்துக்கு ஆறு பேர்.

இந்த மாதம் சென்னம்மா போனபோதும் கதவுகள் திறக்கவில்லை. ஒரு நாள் நாற்பத்தொரு கதவு தட்டினார். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது, திறக்கவில்லை. ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து பதில் மட்டும் வந்தது: “சம்பங்கியக்கா சொல்லாம தெறக்க மாட்டோம் டீச்சர். போயிடுங்க.” அதே வெயிலில் முனிவேல் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிப் பதிவேட்டை நீட்டினார். சென்னம்மா வாங்கினார். நான் ஒப்புக்கொண்டேன். அந்தப் பதிவேட்டை எங்கள் கையில் கொடுத்தவர் முனிவேல். அதை நோக்கி எங்களைத் துரத்தியவள் நீ.

ஆகஸ்டில் பூட்டச் சொன்னதை நீ இன்றுவரை எந்த மேடையிலும் திரும்பப் பெறவில்லை. எண்ணவில்லை என்று எங்களை ஏசுகிறாய். எண்ண விடாதே என்ற உன் கட்டளை இன்னும் அந்தக் கதவுகளில் தொங்குகிறது.

திருத்தச் சுற்று மார்ச் ஐந்து மாலையோடு முடியும். அதன் பின் இந்த எண் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

மாதேஷ்

—

கெம்பசந்திரம்
மாசி 14 (26 பிப்ரவரி 2027)

மேற்பார்வையாளர் அவர்களே,

உங்கள் முதல் தாளைப் படித்தேன். மக்கள் தெளிவாகக் கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டாம் தாளைப் படிக்கவில்லை. ஒரு போராட்டத்தின் உத்தியை அரசு ஊழியர் ஒருவர் குற்றம் என்று பெயரிட்டால், அதை மேடையேற்றிப் பெருமைப்படுத்த நான் கடமைப்பட்டவள் அல்லள். பூட்டியது எங்கள் உரிமை. பூட்டிய கதவுக்குப் பின்னும் மனிதர் உண்டு என்று அறிவது உங்கள் வேலை. மறுபடி தட்டுவது உங்கள் வேலை. அதற்குத்தான் உங்களுக்குப் பொறுப்புத் தந்தார்கள்.

நான் தெளிவாக இருக்கிறேன்.

சம்பங்கி

—

ஓசூர்
01.03.2027

சம்பங்கிக்கு,

மறுபடி தட்டினோம். இன்று காலை திருத்தச் சுற்று தொடங்கியது. சென்னம்மா முதல் வரிசையில் முப்பது கதவு தட்டினார். நான்கு திறந்தன. மூன்றாவது வரிசைக்கு நானே வந்தேன். பதினேழாம் அறையில் நீ எழுதிய அதே சுடலைமுத்து சன்னல் வழியாகக் கேட்டார்: “சம்பங்கியக்கா எண்ணச் சொல்லிட்டாங்களா சார்?” இல்லை என்றேன். சன்னலைச் சாத்திவிட்டார்.

தெளிவாக இருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். தெளிவாக இருப்பவள் ஒரு தாளை ஒளிப்பதில்லை.

இன்னும் நான்கு நாள். ராஜாத்திக்குச் சொல் கொடுத்தவள் நீ, நான் அல்லன்.

மாதேஷ்

—

கெம்பசந்திரம்
மாசி 20 (4 மார்ச் 2027), காலை ஒன்பது மணி

மேற்பார்வையாளர் அவர்களே,

நேற்று மாலை உங்கள் இரண்டாம் தாளைப் படித்தேன். நானாக முன்வந்து படித்தேன் என்று எழுத என் கை விரும்புகிறது. அது பொய். நடந்ததை எழுதுகிறேன்.

கூட்டம் முடிந்து இறங்கியபோது ராஜாத்தி மேடைப் படியை மறித்து நின்றாள். “அன்னிக்கி டீச்சர் ரெண்டு தாளு குடுத்தாங்கக்கா. ஒண்ணுதான் படிச்ச. இன்னொண்ணு எங்க?” என்றாள். அது நமக்கு வேண்டாதது என்றேன். “வேணுமா வேணாமான்னு கேக்கறவங்க சொல்லட்டும்” என்றாள். கலைந்தவர்கள் திரும்பி நின்றார்கள். தாள் என் பையில்தான் இருந்தது. எடுத்தேன்.

என் சொற்களை என் வாயால், உங்கள் எழுத்தில் படித்தேன். ஆகஸ்டில் அவற்றுக்குக் கைதட்டியவர்கள் அதே இடத்தில் நின்றிருந்தார்கள். இம்முறை ஒரு கையும் அசையவில்லை. சுடலைமுத்துதான் முதலில் பேசினார். “அப்ப எங்கள ஒளிச்சு வச்சது முனிவேல் மட்டும் இல்ல. நீங்களுந்தான், என்னக்கா?” பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு உரியது, ஏற்றுக்கொண்டேன்.

ராஜாத்தி சிரிக்கவில்லை. “ஆகஸ்டுல நானும் பூட்டுனேன். நாலு மாசம் முழுகாம இருந்தேன். உம் பேச்சக் கேட்டு உள்ளாற உக்காந்துக்கினு மூச்சுக்கூட சத்தமா விடல. டீச்சரு ரெண்டு தரம் தட்டிட்டுப் போனாங்க. அந்த டீச்சரு நோட்டுல நான் இருந்திருக்கணும்க்கா.” அவ்வளவுதான் சொன்னாள். ஏசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்று அவள் திறந்திருந்தாலும் தை மாதத்துக்குள் செவிலியர் வந்திருக்க மாட்டார். இதை நான் அறிவேன், நீங்களும் அறிவீர்கள். ஆனால் இல்லாத செவிலியரைக் கேட்டு, இருக்கும் மக்களை நான் மறைத்தேன். இருக்கிறோம் என்று காட்டுவதைத் தவிர வேறு வலிமை இல்லாதவர்களிடம், இல்லாதவர்போல் இருங்கள் என்றேன். அது உத்தி அன்று. பிழை. கைதட்டலுக்காகச் செய்த பிழை. நேற்று அதே மேடையில் இதே சொற்களில் சொன்னேன். விருந்து என்ற சொல்லையும் அங்கேயே திரும்பப் பெற்றேன். பூட்டச் சொன்ன கட்டளையையும் திரும்பப் பெற்றேன்.

இதனால் உங்கள் பிழை சிறிதாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். நான் கதவைப் பூட்டச் சொன்னேன். நீங்கள் திறக்காத கதவுக்குப் பின்னே நான்கு பெயரை எழுதச் சொன்னீர்கள். பூட்டிய வீடு என்று எழுதியிருந்தால் அது உண்மையாகவாவது இருந்திருக்கும். கிருஷ்ணகிரியில் உங்களைச் சொன்னதை நான் இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. மேலிடத்துக்குக் கூட்டுத்தொகை சரியாக வந்தால் போதும் என்று தலையை ஆட்டினீர்கள். கூட்டுத்தொகை சரியாகவே வந்தது; மக்கள்தான் வரவில்லை.

முனிவேல் விடியற்காலையில் வந்தார். “லைனுக்கு நோட்டீஸ் வந்தா எல்லாரும் ரோட்டுல நிப்பீங்க, பாத்துக்கோ” என்றார். அறைக்குப் பன்னிரண்டு பேரை அடைத்தவர் அந்தக் கேள்விக்குத் தனியே பதில் சொல்லட்டும். நீங்கள் எண்ணுவது கமுக்கம் என்று எனக்கு எழுதினீர்களே, அதை அவருக்கும் சொல்லுங்கள். குடியிருப்பவர்களுக்கு ஒவ்வொரு வாசலிலும் சொல்லுங்கள். அவர்கள் அஞ்சுவது அந்த நோட்டீசுக்குத்தான்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

இன்றும் நாளையும், நண்பகல் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை என ஒவ்வோர் அறைக்கும் இருமுறை வர வேண்டும். பன்னிரண்டு மணிக்கு இரவு முறையினர் கட்டிலில் இருப்பார்கள். இரண்டாம் முறையினர் கிளம்பியிருக்க மாட்டார்கள். மூன்று மணிக்கு முதல் முறையினர் திரும்பியிருப்பார்கள். இதற்கு ஆறு பேர் போதாது. மீதி ஏழு பேரை வட்டாட்சியரிடம் கேளுங்கள். கேட்கும்போது ஏன் தேவைப்படுகிறது என்பதை எழுத்தில் கொடுங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பதிவேட்டிலிருந்து வந்தது என்று உங்கள் கையெழுத்தோடு கொடுங்கள். அதனால் உங்களுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். வரட்டும். எனக்கு நேற்றே வந்துவிட்டது, ஊர் முழுதும் கேட்க.

அறைக்கு ஒருவர் பெயர்களையும் வயதையும் எழுதிய தாளோடு வாசலில் நிற்பார். ஆனால் தாளைப் பார்த்து எழுதாதீர்கள். ஆளைப் பார்த்து எழுதுங்கள். சொந்த ஊரில் எழுதப்பட்டவர் யாராவது இருந்தால் அவரை நானே விலக்கி நிறுத்துவேன். ஐயாயிரத்துக்கு ஒருவர் குறைந்தாலும் குறைந்த எண்ணையே எழுதுங்கள். அந்த எண்ணோடு அரசு அலுவலக வாயிலில் நின்று போராட எனக்குத் தெரியும். பொய்யான எண்ணோடு நின்றால் என்ன ஆகும் என்பதையும் இப்போது அறிந்துகொண்டேன். ராஜாத்தியின் அறையில் இருவர். இரண்டு என்று எழுதுங்கள்.

நானூற்று எழுபத்தெட்டுக் கதவுகளும் இப்போது திறந்திருக்கின்றன. சென்னம்மா டீச்சர் இக்கடிதத்துக்காக என் வாசலில் நிற்கிறார். இதைப் படித்து முடித்ததும் பதில் எழுத உட்காராதீர்கள். உங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பன்னிரண்டு மணிக்குள் இங்கே வந்து எண்ணுங்கள்.

சம்பங்கி